கடனுக்கு வந்த டாக்டர்

கடனைக் கட்டத்தான் அந்த ஊருக்குப் போனேன். இதைச் சொல்ல எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. "சும்மா சொல்றீங்க டாக்டர், உங்களுக்குள்ள ஒரு சேவை மனசு இருக்கு" என்பார்கள். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மனசை வாங்கிக்கொண்டு எந்த வங்கியும் ரசீது தராது என்பேன். அதற்குச் சிரித்து மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் மொட்டை மாடி. எனக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் கொஞ்ச மதிப்பெண்ணில் தவறியது. தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். அந்த வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் படித்தேன். படிப்பு முடிந்து வெளியே வந்தபோது என் தலைமேல் இருந்த தொகையை அம்மாவிடம் சரியாகச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து வாசலில் நின்றது.

அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கிறிஸ்தவ அறக்கட்டளை ஒன்று கரிசல்காட்டுக் கிராமத்தில் சின்ன ஆஸ்பத்திரி நடத்தியது. மருத்துவ வசதியற்ற அந்தக் கிராமத்தில் ஐந்து வருடம் தங்கி வேலை பார்க்கும் டாக்டரின் கல்விக் கடனை, சம்பளம் போக, மாதாமாதம் தாங்களே கட்டுவதாகப் போட்டிருந்தார்கள். நடுவில் விட்டுப் போனால் அதுவரை கட்டியதையெல்லாம் வட்டியோடு திருப்பித் தரவேண்டும். அப்பா ஒப்பந்தப் பத்திரத்தை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"அஞ்சு வருசம்னா சும்மாவா? நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடுட்டி."

"வீட்டுப் பத்திரம் திரும்பி வரும்லா?"

"வரும்" என்றார். நான் போட்டேன். இதில் தெய்வ அழைப்பு எங்கே வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊர் புதூருக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் இருக்கிறது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். ஆறு படுக்கை, ஒரு பிரசவ அறை, மருந்து வைக்க ஒரு குளிர்பதனப் பெட்டி, பின்னால் எனக்கு ஒரு குவார்ட்டர்ஸ். முதல் மழைக்கு என் ஸ்கூட்டர் மட்கார்டுக்குள் கரிசல் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே இல்லை. பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தேன். வாசலில் நின்ற நர்ஸ் ஒரு குச்சியை நீட்டி, "மொதல்ல காலச் சுரண்டிட்டு உள்ள வாங்க டாக்டர்" என்றாள். விளாத்திகுளத்துக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வந்து வந்து போவதைப் பார்த்துப் பார்த்து எதற்கும் அசராதவளாகிவிட்டாள். அவளை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள், நானும்.

வரவேற்புக் கூட்டம் வைத்தார்கள். அறக்கட்டளையின் செயலாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மைக் கிடைத்தால் விடமாட்டார். "நம்ம டாக்டரம்மாவோட படிப்புக் கடன நம்ம அறக்கட்டளைதான் மாசாமாசம் கட்டுது. அதனால அஞ்சு வருசத்துக்கு இவிய எங்கயும் போக மாட்டாவ. ஒங்களுக்குக் கவலை வேண்டாம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஊர் கைதட்டியது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல எனக்கு அவமானமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அவமானம் கோபமாக மாறிவிட்டது. என்னிடம் எதுவும் அப்படித்தான் முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இந்த ஊருக்கு வரும்படி தேவன் என்னை எப்படி அழைத்தார் என்று நான் சொல்ல வேண்டுமாம். எழுந்து நின்று, "என்னைக் கூப்பிட்டது வங்கி. தேவன் வழித்துணைக்குக் கூட வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். செயலாளர் முகம் கறுத்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டை மடக்கிக்கொண்டு நின்ற ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சர்ச்சைச் சேர்ந்தவளும் இல்லை. ஊர் மகளிர் குழுவின் தலைவி. இரண்டு ஏக்கர் மிளகாய், பத்துப் பதினைந்து ஆடு, உடம்பு நிறையச் சர்க்கரை. மறுநாளே ஓ.பி. வரிசையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, "மொத்தம் எம்புட்டுக் கடன் டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

நான் எரிந்து விழுந்தேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. பிறகுதான் புரிந்தது, அந்த ஊரில் அது சுகம் விசாரிக்கிற மாதிரி. விதைக்கு ஒரு கடன், உரத்துக்கு ஒரு கடன், பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸுக்கு ஒரு கடன். பாக்கி எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்வார்கள். நாளடைவில் நானும் சொல்லப் பழகிவிட்டேன். "இன்னும் மூணு வருசம் அக்கா." "ரெண்டே முக்கால்." நான் சொல்லச் சொல்ல அவள் முகம் ஏன் வாடியது என்று அப்போது யோசிக்கவில்லை.

என்னோடு படித்தவர்கள் கல்யாண வீடுகளில் பார்க்கும்போது கையைப் பிடித்துக்கொள்வார்கள். "யூ ஆர் கிரேட். எங்களால முடியாதுப்பா" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் ஒருவன், அவன் அப்பா கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவன், "நீ செய்றது தியாகம்" என்றான். "தியாகமெல்லாம் இல்ல. உனக்கு உங்கப்பா கட்டுனாரு, எனக்கு ஒரு அறக்கட்டளை கட்டுது" என்றேன். இன்றும் என் கட்சி இதுதான். கிராமத்துக்கு டாக்டர் வேண்டுமென்றால் காசு கொடுங்கள், கடனைக் கட்டுங்கள். தலையில் தூக்கி வைத்து ஆடாதீர்கள். டவுனில் சம்பாதிக்கிறவரிடம் யாரும் தியாகம் கேட்பதில்லை. கரிசலில் கால் வைத்தவுடன் மட்டும் எங்களிடம் எல்லோரும் புனிதத்தை எதிர்பார்க்கிறார்கள். விவசாயி கடன் வாங்கி விதைக்கிறார், நான் கடன் வாங்கிப் படித்தேன். இரண்டையும் யாராவது கட்டித்தான் ஆகவேண்டும்.

வேலையைப் பற்றி அளந்துவிட ஒன்றுமில்லை. மாசி பங்குனியில் மிளகாய் பறித்த கையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். காட்டில் விறகு பொறுக்கப் போய்ப் பாம்பு கடித்து வருவார்கள். இரத்தம் இல்லாத பெண்கள் நிறைய. மிளகாய் வத்தல் காயப்போடும் நாட்களில் ஒருவரும் மாத்திரை வாங்க வரமாட்டார்கள். நானும் சிஸ்டரும் களத்துக்கே போய்த் திட்டிக்கொண்டே கொடுப்போம். குழுத் தலைவி ஒருமுறை ஆரஞ்சு கலர் குடித்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆட்டுக்கு டாக்டரம்மா" என்றாள். ஆட்டுக்கும் சேர்த்து அவளைத் திட்டினேன். அரசு சுகாதார நிலையம் தூரத்தில் இருந்தது. பஸ்ஸோ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் வலி வந்தால் நாங்கள்தான்.

ஐந்தாவது வருடம், ஏழு மாதம் பாக்கி இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. ஓ.பி. நடந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தேன். சிஸ்டர் உறையைப் பிரித்து வாசித்து மேஜைமேல் வைத்தாள். அறக்கட்டளை நகரத்தில் புதிதாக மூன்று மாடி ஆஸ்பத்திரி கட்டியிருந்தது. அதற்கு டாக்டர் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் அங்கே போய் மீதிக் காலத்தை முடிக்க வேண்டும். கிராமத்து ஆஸ்பத்திரி வாரம் இரண்டு நாள் முகாமாக நடக்கும். நான் மறுத்தால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படும், அதுவரை கட்டிய தவணை முழுவதும் வட்டியோடு வசூலிக்கப்படும்.

"வாரத்துல ரெண்டு நாளு" என்றாள் சிஸ்டர். "பாம்புக்கும் அந்த ரெண்டு நாளச் சொல்லிவிடணும்."

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு முதலில் தோன்றியது அப்பாவின் வீடுதான். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு டவுனில் இருந்துவிட்டால் பத்திரம் கைக்கு வந்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விஷயம் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் டிரைவர் வழியாக ஊருக்குள் போய்விட்டது. ஆனால் அரைகுறையாகப் போனது. டாக்டரம்மா போகப்போறாவ என்பது மட்டும் போனது, ஏன் என்பது போகவில்லை. ஏன் என்பதை ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு கோவில்பட்டியிலிருந்து வங்கி மேலாளர் போன் செய்தார். வடக்கே எங்கோ இருந்து மாற்றலாகி வந்தவர், மிகவும் மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், உங்க ஊர்ல இருந்து ஒரு லோடு ஆட்டோ நிறைய லேடீஸ் வந்திருக்காங்க. உங்க எஜுகேஷன் லோனை க்ளோஸ் பண்ணக் கூடாதுன்னு சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"ரினியூ பண்ணணுமாம். வருஷா வருஷம் வட்டியை அவங்களே கட்டிடுறாங்களாம். நான் என்ன மேடம் சொல்லட்டும்?"

போனை அவர்களிடம் கொடுக்கச் சொன்னேன். குழுத் தலைவியின் குரல் வந்தது.

"டாக்டரம்மா, நீங்க இதுல தலையிடாதீங்க. நாங்க பேசிக்கிடுதோம்."

"யாரக் கேட்டு என் பேங்குக்குப் போனீங்க?"

"யாரக் கேக்கணும்? இந்த மேனேஜர் சாருதான் புரியாமப் பேசுதாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கேப்பாரு."

"மொதல்ல வண்டியில ஏறுங்க. ஊருக்கு வாங்க" என்று கத்தினேன். வரிசையில் இருந்த குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது.

இதில் அவர்களை முட்டாள் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்து நடைமுறை தெரியாது. கரிசலில் வானம் பார்த்து விதைக்கிற வீடுகளில் பெண்களின் காதிலும் கழுத்திலும் நகை கிடக்கிற நாட்கள் குறைவு. அது கூட்டுறவுச் சங்கத்தில் கிடக்கும். சொசைட்டி என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை போய் வட்டியைக் கட்டி, கணக்கை முடித்து, அதே நகையை மறுபடி அடகு வைப்பார்கள். அதற்குத் திருப்பி வைப்பது என்று பேர்; முழுதும் கட்டி மீட்டால் அது திருப்புவது. ஒரே தோட்டை இருபது வருடம் திருப்பி வைத்தவர்கள் உண்டு. கடன் என்றால் அது முடிகிற சாமான் என்று அவர்கள் கண்டதில்லை. நான் ஐந்து வருடத்தில் ஒரு கடனை முடிக்கப் போகிறேன், முடிந்ததும் போய்விடுவேன். அப்படியானால் முடிக்காமல் திருப்பி வைத்துவிட்டால் போயிற்று.

மத்தியானம் இரண்டு மணிக்கு லோடு ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பதினோரு பேர் இறங்கினார்கள். எல்லோரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள், வங்கிக்குப் போகிறோமென்று. வராந்தாவில் வரிசையாக நின்றார்கள்.

"படிப்புக் கடனத் திருப்பி வைக்க முடியாதுக்கா. அது ஒரு தடவதான்" என்றேன்.

"அதெல்லாம் படிச்சவிய கேட்டாக் குடுப்பாவ" என்றாள் தலைவி. "வட்டிய வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சாச்சு. வத்தல் வித்த ஒடனே தந்திருதோம். எங்க கடன்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. ஒங்க கடன மட்டும் என்னத்துக்கு முடிக்கணும்?"

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது திட்டாகத்தான் வெளியே வரும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வேகாத வெயிலில் போனதற்கு, மேலாளரிடம் மானத்தை வாங்கியதற்கு, மாத்திரை போடாமல் கிளம்பியதற்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மூச்சு வாங்கியபோது கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். கடன் முடிவதால் நான் போகவில்லை, அறக்கட்டளை என்னை டவுனுக்கு மாற்றுகிறது என்று வாசித்துக் காட்டினேன்.

"அப்ப போக மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் இன்னொருத்தி.

"சொன்னா இதுவரைக்கும் கட்டுனதெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. எங்கப்பா வீடு போயிரும்."

தலைவி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வீடு போகக் கூடாது" என்றாள். "அப்படின்னா நீங்க போயிருங்கம்மா. நாங்க முன்னால இருந்த மாதிரி இருந்துக்கிடுதோம்."

சொல்லிவிட்டு மற்றவர்களை வண்டியில் ஏறச் சொன்னாள். பதினோரு பேரும் ஏறினார்கள். போகாதே என்று அவள் காலைப் பிடித்திருந்தால் நான் ஒருவேளை டவுனுக்குப் போயிருப்பேன். கெஞ்சுகிறவர்களிடம் எனக்குச் சட்டென்று சலிப்பு வந்துவிடும். அவள் என்னைப் போகச் சொன்னதுதான் தாங்கமுடியவில்லை. என் வீட்டுக்காக அவள் தன் ஊரை விட்டுக்கொடுக்கிறாள். கடனைப் பற்றி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான். சாயங்காலம் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து ஒப்பந்தப் பத்திரத்தை வெளியே எடுத்தேன். அப்பா வாசித்த மாதிரி இரண்டு தடவை வாசித்தேன்.

நிர்வாகக் குழுக் கூட்டம் நகரத்தில், புதுக் கட்டடத்தின் முதல் மாடியில். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. செயலாளரோடு சேர்த்து ஏழு பேர், டீ, ஒரு தட்டில் சேவு. என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்ப ஜாயின் பண்ணுதீங்க?" என்றார் செயலாளர்.

"நாளைக்கே வாரேன் ஐயா. ஒரு சின்ன லெட்டர் மட்டும் வேணும்."

"என்ன லெட்டர்?"

"பத்திரத்துல மருத்துவ வசதியற்ற கிராமத்துல வேலை பாக்கணும்னு இருக்கு. நான் அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். இந்த டவுன், மருத்துவ வசதியற்ற கிராமம்னு எழுதி, நீங்க ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஜன்னல் வழியாக எதிரே ஒரு ஸ்கேன் சென்டர் போர்டு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பல் ஆஸ்பத்திரி. தெருமுனையில் ஒரு கிளினிக்கின் டோக்கன் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. ஏழு பேரில் இரண்டு பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"சின்னப் பிள்ள மாதிரி சட்டம் பேசாதீங்க" என்றார் செயலாளர். "அஞ்சு வருசமா ஒங்க கடனக் கட்டுனது யாரு? நாங்க நிறுத்திட்டா ஒங்கப்பா வீடு என்னாகும்?"

"வீட்டச் சொல்லிப் பயங்காட்டாதீங்க ஐயா. நீங்க ஒண்ணும் எனக்குத் தானம் பண்ணல. நான் வேலை பாத்தேன், நீங்க கட்டுனீங்க. சரிக்குச் சரி. எழுதிக் குடுங்க, வாரேன். எழுத முடியாதுன்னா நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஊர்ல ஓ.பி. இருக்கு, நான் கெளம்பணும்."

குழுவில் ஒரு வக்கீல் இருந்தார். அவர் பத்திரத்தை வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டுச் செயலாளரின் காதில் ஏதோ சொன்னார். அந்த அறக்கட்டளைக்கு நன்கொடை வருவதே அந்தக் கிராமத்தின் பேரைச் சொல்லித்தான். டவுனைக் கிராமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஐந்து வருடமாக அந்தப் பத்திரம் என்னை மட்டும்தான் கட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அன்று அவர்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் அது அவர்களையும் சேர்த்துக் கட்டியிருப்பது தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார் செயலாளர். நான் சேவில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அது மரியாதை இல்லைதான். நல்ல பசி.

அவர்கள் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. மாற்றல் உத்தரவு அப்படியே கிடப்பில் போனது. ஆனால் தணிக்கை நடக்கிறது என்று காரணம் சொல்லி என் தவணையை நிறுத்தினார்கள். முதல் மாதம் பேசாமல் இருந்தேன். இரண்டாவது மாதம் வங்கி நோட்டீஸ் கோவில்பட்டி வீட்டுக்குப் போனது. அப்பா போன் செய்தார். அவர் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"ஏட்டி, பெரிய மனுசங்களோட எதுக்கு மல்லுக்கட்டுத? அவிய போகச் சொன்ன எடத்துக்குப் போனா என்ன?"

"அது ஒப்பந்தத்துல இல்லப்பா."

"ஒப்பந்தம், ஒப்பந்தம்! நீ ஒருத்திதான் டாக்டரா?"

"ஆமாப்பா. இந்த ஊர்ல நான் ஒருத்திதான்."

அவர் போனை வைத்துவிட்டார். அவர் வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிக் கட்டிய வீடு. அதை வைத்து நான் வீரம் பேசுகிறேனோ என்று பயமாக இருந்தது. பயமாக இருந்தது என்பதற்காகப் போய்விட முடியுமா? முடியாது என்றுதான் தோன்றியது. மூன்றாவது மாதமும் தவணை வராதபோது, படிப்பு முடிந்ததற்கு அம்மா போட்ட சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சொசைட்டிக்குப் போனேன்.

புதன்கிழமை. வரிசை வெளியே வரை நின்றது. திருப்பி வைக்கிற நாள். குழுத் தலைவி நடுவில் நின்றாள். என்னைப் பார்த்ததும், "டாக்டரம்மா, யாருக்காவது மேலுக்குச் சரியில்லையா?" என்று பதறினாள். கைக்குட்டையைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. முன்னால் போகச் சொல்லி வழி விட்டார்கள், நான் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்றவள் திரும்பி, "எத்தன கிராமு?" என்றாள். சொன்னேன். "நல்ல கனம்தான்" என்றாள். உரசிப் பார்க்கிறவர் சங்கிலியைக் கல்லில் தேய்த்து, தராசில் போட்டு, என் கையெழுத்து வாங்கினார். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது வரிசைக்குள்ளிருந்து யாரோ பலமாகச் சொன்னார்கள்:

"டாக்டரம்மாவும் கடன் வச்சாச்சு. இனி எங்க போவாவ?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை. தன் தோட்டை வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து கொஞ்சநேரம் சும்மா நின்றாள். பிறகு ஆடு நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மூன்று தவணையையும் சங்கிலிதான் கட்டியது. மீதி நான்கை, வக்கீலின் பேச்சைக் கேட்டு, அறக்கட்டளை கட்டியது. மூன்றைத் திருப்பித் தரவேண்டும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்றும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். விடுவதாக இல்லை. ஐந்து வருடம் முடிந்த அன்று வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து வந்தார்.

அறக்கட்டளை எனக்குப் பாராட்டு விழா வைக்க நினைத்தது. பொன்னாடை வேண்டாம், குளிர்பதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்றேன். டவுன் டாக்டருக்குக் கொடுக்கிற சம்பளத்தை எழுத்தில் கொடுத்தால் இதே ஊரில் தொடர்கிறேன் என்றேன். கேட்டதில் முக்கால்வாசி கொடுத்தார்கள். மீதிக் கால்வாசிக்கும் கடிதம் போகிறது. இரண்டாவது டாக்டருக்குப் பழையபடி விளம்பரம் கொடுக்க வைத்திருக்கிறேன். படித்து முடித்துத் தலைமேல் கடனோடு நிற்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், கடனோடு வாருங்கள். சேவை மனசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்திரத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு வாருங்கள்.

சங்கிலியை மீட்க அடுத்த வருடம் முழுப் பணத்தோடுதான் சொசைட்டிக்குப் போனேன். அதே வரிசை, அதே புதன்கிழமை. எனக்கு முன்னால் குழுத் தலைவி. என் கையிலிருந்த பணக்கட்டைப் பார்த்தாள். ஐந்து வருடமாக நான் பாக்கியைச் சொல்லச் சொல்ல வாடிய முகம் எப்படி இருந்தது என்று அன்றுதான் சரியாகப் பார்த்தேன். எனக்கு இந்த ஊரில் இருக்க அந்தக் கடன் தேவையில்லை. அதை அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவாள், நம்பமாட்டாள். கடன் இல்லாத டாக்டர் எவரும் அந்த ஊரில் நின்று அவள் பார்த்ததில்லை.

"திருப்புதீங்களா டாக்டரம்மா?" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இல்லக்கா" என்றேன். "திருப்பி வைக்கேன்."

அவள் வரிசையில் பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, டாக்டரம்மா திருப்பி வைக்காவ!"

வரிசை அசைந்து கொடுத்துவிட்டுத் தன் பேச்சுக்குத் திரும்பியது. அறிவு கெட்ட காரியம் என்று அப்பா திட்டுகிறார். வீண் வட்டி என்று சிஸ்டரும் சொல்கிறாள். இரண்டும் உண்மைதான். என் முறை வந்ததும் கொண்டுபோன பணக்கட்டிலிருந்து வட்டியை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதியைப் பையில் போட்டுக்கொண்டு ஓ.பி.க்குப் போனேன்.